இழுக்காத இஞ்சின்: பழைய 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றைச் சீர்செய்த பதிவு

யாழ்ப்பாணக் கடலேரியில் நண்டு வலைக்குச் செல்லும் பதினெட்டு அடிப் பைபர் படகு ஒன்றின் பின்பலகையில் பூட்டியிருக்கும் 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம், கடந்த பருவத்தில் இருந்தே சிறிது சிறிதாக வலுவிழந்து வந்தது. ஜப்பானில் தயாரான பழைய இயந்திரம் அது. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 246 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு; பெற்றோலில் தொடங்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. வடக்கின் கரையோரத்தில் எந்த இறங்குதுறைக்குப் போனாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த இயந்திரங்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். படகு என் சித்தப்பாவுடையது. அவருடைய முறைப்பாடு சுருக்கமானது: “தம்பி, ஒரு இழுவையிலை ஸ்ராட் வருது, சத்தமும் நல்லாத்தான் கிடக்கு, ஆனா போட்டை இழுக்குதில்லை.”

முன்பெல்லாம் இரண்டு பேரும் வலையும் ஏறியிருந்தாலும், கைபிடியை முழுதாகத் திருப்பியதும் அணியம், அதாவது படகின் முன்முனை, ஒருமுறை உயர்ந்து பின் தாழ்ந்து, படகு நீரின் மேல் எழும்பி ஓடும். இப்போது அணியம் உயர்ந்தபடியே நிற்க, பின்புறம் நீருக்குள் அமிழ்ந்து, பெரிய அலையை இழுத்துக்கொண்டு மெதுவாக நகர்கிறது. எரிபொருள் மட்டும் முன்பைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது. கரையில் உள்ளவர்கள் காபரேட்டரைக் கழுவச் சொன்னார்கள். பிளக்கை மாற்றச் சொன்னார்கள். ரிங் தேய்ந்துவிட்டது, பிஸ்டன் மாற்றினால்தான் சரிவரும் என்றும் ஒருவர் சொன்னார். பிளக் மாற்றியும் காபரேட்டர் கழுவியும் ஆகிவிட்டிருந்த நிலையில்தான் இயந்திரம் என் கைக்கு வந்தது.

இவ்வகைக் கோளாற்றில் திருகுசாவியை எடுக்கும் முன்னர் ஓர் எண், அதாவது இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்பது, கைக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. “வலு இல்லை” என்ற முறைப்பாட்டுக்குள் இரண்டு வேறுபட்ட நிலைகள் அடங்கியிருக்கின்றன. இயந்திரம் தன் முழுச் சுற்றையும் எட்டியும் படகு ஓடவில்லை என்றால், கோளாறு புரப்பெல்லரிலோ, படகின் அடிப்பாகத்திலோ, இயந்திரம் பூட்டியிருக்கும் உயரத்திலோ இருக்கிறது. சுமையோடு ஓடும்போது இயந்திரத்தால் தன் முழுச் சுற்றையே எட்ட முடியவில்லை என்றால், அது இயந்திரத்துக்குள்ளேயோ அதன் எரிபொருள் வழியிலோ இருக்கிறது. காதால் கேட்டு இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். இரண்டிலும் சத்தம் “நல்லாத்தான்” இருக்கும். பிளக் கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி அளக்கும் சிறிய சுற்றுமானி ஒன்று இலத்திரனியல் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழுவதால், மீற்றரையும் சுற்றுக்கு ஒரு பொறி என்ற அமைப்பில் வைக்கவேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று வைத்திருந்தால் உண்மைச் சுற்றின் இரட்டிப்பைக் காட்டிவிடும்.

காற்று விழுந்திருந்த ஒரு காலைப்பொழுதில், கடலேரியில் ஆழம் போதுமான பகுதியில், சித்தப்பா கைபிடியைப் பிடிக்க நான் மீற்றரைப் பார்த்தேன். கையேடு முழுத் திறப்புக்கு, அதாவது கைபிடியைக் கடைசிவரை திருப்பிய நிலைக்கு, நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்று வரை இருக்கவேண்டும் என்கிறது. எங்களுக்குக் கிடைத்தது 3,600, அதற்குமேல் அசையவில்லை. தொலைபேசியின் ஜி.பி.எஸ். 7 நொட் வேகத்தைக் காட்டியது. இந்த இயந்திரத்தின் கியர் விகிதம் 2.08, அதாவது இயந்திரம் 2.08 முறை சுழன்றால் புரப்பெல்லர் ஒருமுறை சுழலும். புரப்பெல்லரின் பிட்ச், அதாவது வழுக்காமல் ஒருமுறை சுழன்றால் அது முன்னேறும் தூரம், 9¾ அங்குலம். வழுக்கலே இல்லாத கற்பனை நிலையில் 3,600 சுற்றுக்குச் சுமார் 14 நொட் வரவேண்டும், பாதிதான் வந்திருக்கிறது. பார்த்தவுடன் புரப்பெல்லர் வழுக்குகிறது என்று முடிவுகட்டத் தோன்றும் கணக்கு இது. ஆனால், எழும்பி ஓட முடியாமல் நீரை உழுதுகொண்டு போகும் படகில் இந்த அளவு வழுக்கல் வழமையானதுதான். புரப்பெல்லரின் உள்குழலையும் வெளிக்குழலையும் பிணைக்கும் இறப்பர் உண்மையில் விட்டுப்போயிருந்தால் இயந்திரம் சுமையிழந்து சுற்று எகிறியிருக்கும். இங்கே சுற்று ஏறவே மறுக்கிறது. சந்தேகம் மிச்சமிருக்கக் கூடாது என்பதற்காகப் புரப்பெல்லரின் உள்குழலில் இருந்து இறப்பரையும் கடந்து வெளிக்குழல் வரை பெயின்ற் பேனாவால் ஒரு நேர்கோடு கீறிவிட்டு, முழுத் திறப்பில் ஓட்டித் திரும்பிப் பார்த்தோம். கோடு உடையாமல் நேராகவே இருந்தது.

படகின் அடிப்பாகத்தைக் கரையில் ஏற்றிப் பார்த்ததில் பாசி படிந்திருந்ததே தவிரச் சிப்பி ஒட்டியிருக்கவில்லை. பின்பலகையின் உயரமும் இயந்திரத்தின் தண்டு நீளமும் பொருந்தியிருந்தன. புரப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் நின்றது. கியர்ப்பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கவில்லை. நியூட்ரலில் கையால் சுழற்றும்போது இறுக்கமும் இல்லை. எனவே தேடல் இயந்திரத் தலைக்குள் சென்றது.

எரிபொருள் வழியைச் சோதிக்க, படகு முழுத் திறப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. எரிபொருள் குழாயின் நடுவே உள்ள இறப்பர்க் கைப்பம்பைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே சுற்றுமானியைப் பார்ப்பது முதலாவது. சுற்று ஏறினால், எரிபொருள் பம்பின் மென்தகடு கிழிந்திருக்கலாம், குழாய் எங்கோ காற்றை உறிஞ்சலாம், அல்லது தாங்கி மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கலாம். சோக்கைச் சிறிதளவு இழுத்துப் பார்ப்பது இரண்டாவது. சுற்று ஏறினால் கலவையில் எரிபொருள் போதவில்லை என்று பொருள். எங்கள் இயந்திரம் கைப்பம்புக்கு அசையவில்லை. சோக்கை இழுத்ததும் இன்னும் தாழ்ந்தது. தாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துவைத்த மண்ணெண்ணெயில் தண்ணீர் பிரிந்து தங்கவில்லை. காபரேட்டரை மீண்டும் ஒருமுறை திறந்து, எரிபொருளை அளந்துவிடும் துளையான மெயின் ஜெற்றின் எண் கையேட்டில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா, யாராவது கம்பி விட்டுக் குடைந்து துளையைப் பெருப்பித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்து மூடினேன். அதில் குறையில்லை.

அடுத்தது, பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உருவாகும் அமுக்கம். இயந்திரத்தைச் சூடாக்கி, இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் கம்பிகளை இயந்திர உடலோடு தொடவைத்து, காபரேட்டரில் காற்று செல்லும் வழியைத் திறந்துமூடும் தகடான திறோட்டிலை முழுதாகத் திறந்துவைத்துக் கயிற்றை இழுத்தபோது மேல் சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 88 இறாத்தலும் கீழ்ச் சிலிண்டர் 90 இறாத்தலும் காட்டின. பெற்றோல் இயந்திரத்தின் அளவோடு ஒப்பிட்டால் இது குறைவாகத் தோன்றும். ரிங் தேய்ந்துவிட்டது என்ற தீர்ப்பு இப்படித்தான் பிறந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு பெற்றோலைவிட மிகக் குறைவு. அதிக அமுக்கத்தில் அது நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும் என்பதால், மண்ணெண்ணெய் வகை இயந்திரங்களின் சிலிண்டர் மூடியில் எரிகலத்தைப் பெரிதாக வைத்து அமுக்கத்தை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். இங்கே முக்கியமானது இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வேறுபாடு. அது பத்து வீதத்துக்குள் இருந்தால் பிஸ்டன் வேலையைத் தொடங்குவதற்கு அவசரமில்லை. அந்த 88-ஐ மட்டும் வைத்துப் பிஸ்டன், ரிங் எல்லாம் வாங்கியிருந்தால் ஒரு மீனவக் குடும்பத்தின் மாத வருமானம் வீணாகியிருக்கும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கரையில் இது அடிக்கடி நடக்கிறது.

பொறியும் இரண்டு பக்கத்திலும் நீல நிறத்தில் வலுவாகப் பாய்ந்தது. ஆனால் கயிற்றை இழுக்கும் வேகத்தில் பாயும் பொறியும் அதே வேகத்தில் ஏறும் அமுக்கமும், சுமையோடு 4,000 சுற்றுக்கு மேல் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இந்த இயந்திரம் கரையில், பீப்பாய்த் தண்ணீரில் ஓடும்போது எல்லாச் சோதனையிலும் தேறிவிடுகிறது. கடலில் மட்டும் தோற்கிறது. ஆகவே சிலிண்டர்களைத் தனித்தனியாகச் சோதிப்பதையும் நீரில், கியரில் போட்டே செய்தேன். இயந்திரத்தை நிறுத்தி, மேல் சிலிண்டரின் கம்பியைக் கழற்றி ஓர் உபரிப் பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கை இயந்திர உடலோடு இறுகக் கட்டி, கீழ்ச் சிலிண்டரால் மட்டும் ஓட்டி முழுத் திறப்பில் சுற்றைக் குறித்தோம். பின்னர் மறுபக்கமும் அவ்வாறே. கழற்றிய கம்பியை வெறுமனே தொங்கவிட்டு ஓட்டினால் பற்றவைக்கும் இலத்திரனியல் பகுதி சேதமடையக்கூடும் என்பதாலும், ஓடும் இயந்திரத்தில் கம்பியைக் கையால் பிடுங்குவது ஆபத்தானது என்பதாலும் இந்தச் சுற்றுவழி. இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே சுற்றையே கொடுத்தன.

தேடலின் திசையை மாற்றியது இந்த முடிவுதான். ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்திருந்தால் அதன் பிளக், கம்பி, ரிங், ரீட் வால்வு என்று அந்தச் சிலிண்டருக்குரிய பாகங்களைத் தேடிப் போகலாம். இரண்டும் சமமாகச் சோர்ந்திருக்கின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேடவேண்டும். காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் ஒரே காபரேட்டர், பொறியின் நேரத்தை நகர்த்தும் தட்டு, இரண்டு சிலிண்டரின் புகையும் சேர்ந்து வெளியேறும் புகைவழி ஆகிய மூன்றும் பட்டியலில் எஞ்சின. உள்ளே சென்ற கலவை திரும்பாமல் தடுக்கும் ரீட் வால்வு முறிந்திருந்தால் காபரேட்டரின் வாயில் எரிபொருள் திருப்பித் துப்பும். அந்த அடையாளம் இல்லாததால் அதைத் திறக்கவில்லை.

குருநகர்ப் பக்கம் நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவரும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் இந்த அளவுகளைச் சொன்னேன். “அண்ணை, ரெண்டு சிலிண்டரும் ஒரே மாதிரித்தான் இழுக்குது” என்றதும், அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “கைபிடியை முழுசாத் திருப்பினா, உள்ளுக்கை முழுசாத் திறக்குதோ எண்டு கியரிலை போட்டுப் பாத்தனீரோ?”

இந்தக் கேள்வியில் உள்ள “கியரிலை போட்டு” என்ற சொற்கள் முக்கியமானவை. இவ்வகை இயந்திரங்களில் நியூட்ரலில் கைபிடி ஓரளவுக்குமேல் திரும்பாதபடி ஒரு தடுப்பு உண்டு. நியூட்ரலில் வைத்துத் திறோட்டிலைப் பார்ப்பவருக்கு அது பாதிதான் திறக்கும், அதை இயல்பு என்றும் எடுத்துக்கொள்வார். இயந்திரத்தை நிறுத்தி, நிறுத்தும் சுவிட்சின் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி, பிளக் கம்பிகளையும் எடுத்துவிட்டு, புரப்பெல்லரைக் கையால் மெல்லச் சுழற்றியபடி முன்கியருக்கு மாற்றினேன். காற்று உள்ளே செல்லும் வாயின் மூடியைக் கழற்றி, கைபிடியைக் கடைசிவரை திருப்பிக் கைவிளக்கால் பார்த்தபோது, காபரேட்டரின் வட்டத் தகடு படுக்கைக் கோட்டுக்கு வருமுன்பே நின்றுவிட்டிருந்தது. விரலால் தள்ளினால் இன்னும் திறந்தது. விட்டால் திரும்பி வந்தது.

இந்தத் தலைமுறை இயந்திரங்களில் கைபிடியின் திருப்பல் நேராகக் காபரேட்டருக்குப் போவதில்லை. கைபிடி முதலில் இயந்திரத்தின் உச்சியில் சுழலும் பாரச் சில்லான பிளைவீலுக்குக் கீழே உள்ள காந்தச் சுருள் தட்டைச் சுழற்றுகிறது. அதனால் பொறி முன்னதாக விழத் தொடங்குகிறது. அந்தத் தட்டோடு இணைந்த ஒரு சிறு தடி திறோட்டிலைத் திறக்கிறது. பொறியின் நேரமும் காற்றின் அளவும் கைகோத்து நகரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. தடியின் இரு முனைகளிலும் உள்ள பிளாஸ்ரிக் குமிழ்க்கிண்ணங்கள் தேய்ந்து ஆடின. அதோடு, தட்டு சுழலும் வளையத்தில் பூசிய கிறீஸ் பல ஆண்டு உப்புக் காற்றில் காய்ந்து மெழுகாக இறுகியிருந்ததால், தட்டே தன் இறுதித் தடுப்பைத் தொடவில்லை. ஆக, முழுத் திறப்பு என்று சித்தப்பா திருப்பியபோதெல்லாம், காற்றும் குறைவாகவே சென்றிருக்கிறது. பொறியும் பிந்தியே விழுந்திருக்கிறது.

பிளைவீலைக் கழற்றியெடுக்கும் கருவியால் எடுத்து, தட்டைக் கழற்றி, வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் புதிய கடல் கிறீஸ் பூசினேன். பிளைவீலைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் உட்புறக் காந்தங்கள் ஒட்டு விட்டுப் பெயர்ந்தால் அந்தப் பிளைவீல் போனதுதான், ஆகவே திருகி இழுக்கும் கருவியை யாரிடமாவது இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். குமிழ்க்கிண்ணங்களைப் புதிதாகப் போட்டு, தட்டு இறுதித் தடுப்பைத் தொடும் அதே நேரத்தில் வட்டத் தகடு படுக்கைக் கோட்டுக்கு வரும்படி தடியின் நீளத்தைச் சரிசெய்தேன்.

மறுபடி நீரில் இறக்கி அளந்தபோது 4,150. படகு எழும்புவதற்கு முயன்று, விளிம்பில் நின்று, மீண்டும் அமர்ந்தது. சித்தப்பாவுக்கு மகிழ்ச்சி, எனக்கு இன்னும் 4,500 கூட வரவில்லை என்பதே தெரிந்தது. பட்டியலில் புகைவழி மட்டுமே மிச்சம் இருந்தது.

புகைவழியை நான் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் அதன் மூடியைப் பிடித்திருக்கும் 6 மில்லிமீற்றர் போல்ட்டுகள். அலுமினிய உடலுக்குள் இரும்பு போல்ட், சுற்றிலும் உப்புநீர். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் போல்ட்டின் புரிகளுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் வெள்ளைப் பொடி வளர்ந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து இரவு முழுதும் விட்டேன். காலையில் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சிறு சுத்தியலால் நேராகத் தட்டி, எரிபொருள் குழாய்களையும் காபரேட்டரையும் முற்றாக அகற்றிய பின், சுற்றியுள்ள அலுமினியத்தை வாயு விளக்கால் சூடாக்கினேன். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம் அதே அளவு, மீண்டும் இறுக்கம் என்று நகர்த்தினால், போல்ட் “கிறீச்” என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். சத்தமே இல்லாமல் மெதுவாகத் திரும்பினால் அது திரும்பவில்லை, முறுகுகிறது, உடனே நிறுத்தவேண்டும். இவ்வளவு செய்தும் கீழ் ஓரத்தில் இருந்த ஒன்று தலை முறிந்தது. மூடியை எடுத்த பின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுத்துளை வழியாக வெல்டிங் செய்து, சூடு ஆறுமுன் திருப்பியதும் துண்டு வந்துவிட்டது. துளைபோட முனைந்திருந்தால் அலுமினியம்தான் முதலில் போயிருக்கும்.

வெளி மூடியையும் உள் தகட்டையும் எடுத்தவுடன் விடை தெரிந்தது. சிலிண்டரின் புகை வாயில்கள் இரண்டும் கருமையான, கண்ணாடிபோல் இறுகிய கரியால் சுருங்கியிருந்தன. வாயிலின் மேல் விளிம்பில் கரி ஓரிடத்தில் 3 மில்லிமீற்றருக்கும் தடிப்பாகத் திரண்டிருந்தது. டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் புகைவாயிலின் மேல் விளிம்புதான் புகை எந்தக் கணத்தில் வெளியேறத் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது கீழிறங்கினால் புகை பிந்தி வெளியேறத் தொடங்கும். வாயிலும் ஒடுங்கியிருப்பதால் முழுதாக வெளியேறாது. எரிந்த புகை தங்கிய அளவுக்குப் புதிய கலவை உள்ளே வரமுடியாது. குறைந்த சுற்றில் புகை வெளியேற நேரம் இருப்பதால் இயந்திரம் குறையின்றி ஓடுவதுபோல் தோன்றும். சுற்று ஏற ஏற ஒவ்வொரு சுழற்சிக்கும் கிடைக்கும் நேரம் சுருங்கி, ஓர் எல்லையில் இயந்திரம் தன் சொந்தப் புகையிலேயே மூச்சுத் திணறுகிறது. கயிற்றை இழுத்து அளக்கும் அமுக்கமானிக்கு இது தெரியவே தெரியாது.

கரியைச் சுரண்டும்போது பிஸ்டனை மேலே ஏற்றி, அதன் பக்கச்சுவர் வாயிலை மூடியிருக்கும்படி வைக்கவேண்டும். இல்லையேல் கரித்துண்டு சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். இரும்பு உளியை விலக்கி, பித்தளைத் துண்டு ஒன்றை அரத்தால் தீட்டிப் பயன்படுத்தினேன். கரி முதலில் உமியாக உதிர்ந்தது. அலுமினியத்தை ஒட்டிய கடைசிப் படை மட்டும் பிடிவாதமாக நின்றது. அந்தக் கடைசி மெல்லிய படையை விட்டுவிட்டேன், வாயிலின் விளிம்பு கீறுபடுவதைவிட அது மேல். சுரண்டி முடித்துத் துடைத்த பிறகு பிஸ்டனை மெல்ல இறக்கி, திறந்த வாயில் வழியாக ரிங்குகளைப் பார்த்தேன். மரக்குச்சியால் அழுத்தினால் உள்ளே போய் உடனே துள்ளி வெளியே வந்தன. பிஸ்டனின் பக்கத்தில் நெடுங்கீறல் எதுவும் இல்லை. இயந்திரத்தைப் பிரிக்காமலே பிஸ்டனின் பக்கத்தையும் ரிங்குகளையும் கண்ணால் பார்க்கக்கூடிய சாளரம் இந்த வாயில் என்பதால், மூடியைத் திறக்கும் எவரும் இந்தப் பார்வையைத் தவறவிடக் கூடாது.

மூடியின் மறுபக்கத்தில் குளிர்நீர் ஓடும் பாதையிலும் உப்பு வெண்படையாகக் கட்டியிருந்தது. அதையும் சுரண்டி, நீர் பம்பின் இறப்பர்ச் சில்லையும் புதிதாகப் போட்டேன். கடலேரியில் சாதாளை என்னும் கடற்புல் அதிகம். அது கீழ்த்தண்டில் உள்ள நீர் உறிஞ்சும் கிராதியில் படிந்து நீரைக் குறைத்துவிடும். சூடேறிய இயந்திரமும் வலுவிழக்கும் என்பதால் பக்கவாட்டில் பீச்சும் நீர்த்தாரையைப் பார்த்தபடி ஓட்டுவது நல்லது. இரு கேஸ்கெட்டுகளும் புதியவை. போல்ட்டுகளைத் துருப்பிடியாத உருக்கில் மாற்றி, புரிகளில் கடல் கிறீஸ் தடவி, நடுவில் தொடங்கி வெளிப்புறமாக இறுக்கினேன்.

கரி எப்படி இவ்வளவு சேர்ந்தது என்பதைக் கண்டறியாமல் மூடுவதில் பயனில்லை. சித்தப்பா எரிபொருளோடு எண்ணெய் கலப்பதை அருகில் இருந்து பார்த்தேன். கையேடு சொல்லும் அளவுக்குப் பிறகும் “இஞ்சினுக்கு நல்லது” என்று ஒரு வீச்சு கூடுதலாக ஊற்றுகிறார். எரியாத எண்ணெய் போய்ச் சேரும் இடம் புகைவாயில்தான். அதோடு, 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, கரையில் பலரைப் போல் அவரும் எரிபொருளை மிச்சம்பிடிக்கப் பாதித் திறப்பில், மெதுவாக ஓடப் பழகிவிட்டார். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது. இயந்திரம் போதிய சூட்டில் இல்லாதபோது அது துளியாகவே உள்ளே போய் அரைகுறையாக எரிந்து கரியாகும். சூடேறும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வழக்கமும், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேட்டரை வெறுமையாக்காமல் விடும் வழக்கமும் இதோடு சேர்ந்துகொண்டன. வறுமைக்கு அஞ்சி மிச்சம்பிடித்ததே எரிபொருள் செலவைக் கூட்டியிருக்கிறது என்பது எனக்கு மிகவும் வருத்தமான விடயம். அதை அவருடைய குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

இப்போது அளவுக் கோடுகள் உள்ள ஒரு போத்தலைக் கரையிலுள்ள வாடிக் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எண்ணெய் அதில்தான் அளக்கப்படுகிறது. பெற்றோலில் தொடங்கி நன்றாகச் சூடேறும் வரை காத்திருந்து மாற்றுவது, வலை வளைக்கும் மெதுவோட்டம் முடிந்ததும் சில நிமிடங்கள் முழுத் திறப்பில் ஓட்டிப் புகைவழியைச் சூடாக்குவது, துறைக்குள் நுழையும்போது பெற்றோலுக்குத் திரும்புவது என்பவற்றைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அதே காலைநேர அமைதியில், அதே இரண்டு பேரோடும் வலையோடும், அதே புரப்பெல்லரோடு மீண்டும் அளந்தோம். கைபிடியை முழுதாகத் திருப்பியதும் அணியம் உயர்ந்து, தாழ்ந்து, படகு எழும்பி ஓடியது. சுற்றுமானி 4,850 காட்டியது, ஜி.பி.எஸ். 13 நொட். கணக்குப்படி இந்தச் சுற்றுக்கு வழுக்கலற்ற வேகம் சுமார் 18.7 நொட், எனவே வழுக்கல் முப்பது வீதம் அளவில். பாரமான மீன்பிடிப் படகுக்கு அது ஏற்கத்தக்கது. நண்டும் பனிக்கட்டியும் நிறைந்து திரும்பும்போது 4,600-க்கு இறங்குகிறது. அதுவும் 4,500-க்கு மேல் இருப்பதால் பிட்ச் குறைந்த புரப்பெல்லர் வாங்கவேண்டிய தேவை எழவில்லை. கரைக்கு வந்து கழற்றிப் பார்த்த பிளக்குகள் ஈரக்கருமை நீங்கிக் கபில நிறத்துக்கு மாறியிருந்தன.

மெதுவோட்டத்தில் இன்னும் ஒரு சிறு தடுமாற்றம் இருக்கிறது. தடியின் நீளத்தை மாற்றியதால் மெதுவோட்டத் திருகையும் புதிதாகச் சரிசெய்யவேண்டும், அதை அடுத்த ஓய்வுநாளில் பார்ப்பதாக இருக்கிறேன். 4,850 என்ற எண்ணையும், அன்றைய சுமையையும், புரப்பெல்லரின் பிட்ச்சையும் இயந்திர மூடியின் உட்புறத்தில் பெயின்ற் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். இனி இந்த மூடியைத் திறக்கும் மெக்கானிக் யாராக இருந்தாலும், சுற்று குறைந்திருக்கிறதா, எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.